9 மி.மீ. கார்பைனுக்கு ஒரு சைலன்சர்

துப்பாக்கிக் கடையில் சைலன்சர் அலமாரிக்கு முன்னால் நிற்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இதில் எதுங்க சத்தம் கம்மி?" என்பதுதான். கடைக்காரரும் சளைக்காமல் டெசிபல் கணக்குச் சொல்வார். வேட்டை ரைஃபிளுக்கு வாங்குகிறவர் அப்படிக் கேட்டால் அதில் நியாயம் உண்டு. கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போட்டுச் சுடுகிற கார்பைனுக்கு, அதாவது குட்டை ரைஃபிளுக்கு, வாங்குகிறவரும் அதையே கேட்டால், அவர் பணத்தைத் தப்பான இடத்தில் போடப்போகிறார் என்று எனக்குத் தோன்றும். உருப்படியான சைலன்சர் எதை மாட்டினாலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நல்ல சைலன்சருக்கும் இன்னொரு நல்ல சைலன்சருக்கும் இடையே 9 மி.மீ. கார்பைனில் காது கண்டுபிடிக்கிற வித்தியாசம் சொற்பம். காதில் விழும் சத்தத்தைத் தீர்மானிப்பது முதலில் துப்பாக்கி இயங்கும் விதம், அப்புறம் தோட்டா. சைலன்சரின் பிராண்டு அதற்கும் பின்னால்தான் வருகிறது.

நான் இருப்பது டெக்சஸில். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால். சனிக்கிழமை கிடைத்தால் நண்பர் ஒருவரின் பண்ணையில் இரும்புத் தட்டுகளைக் குறிவைத்துச் சுடுவது பொழுதுபோக்கு. தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்குச் சைலன்சர் என்றாலே சினிமாவில் கூலிப்படை ஆள் குழல் முனையில் திருகிக்கொள்ளும் சாமான்தான் நினைவுக்கு வரும். இங்கே அது பதிவு செய்து வாங்குகிற ஒரு பொருள். அமெரிக்காவின் 42 மாநிலங்களில் சாதாரணக் குடிமக்கள் சட்டப்படி வைத்திருக்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டிலும் கூடாது. நம் ஆட்கள் அதிகம் குடியிருக்கும் மாநிலங்கள் பாதி அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. நியூஜெர்சி நண்பர்கள் இதைச் சும்மா படித்து வைத்துக்கொள்ளலாம்.

சினிமாவில் கேட்கும் அந்த "ப்யூ" சத்தத்தை முதலில் மறந்துவிட வேண்டும். சைலன்சர் இல்லாத 9 மி.மீ. துப்பாக்கியின் சத்தம் குழல் முனையருகே ஏறத்தாழ 160 டெசிபல். சைலன்சர் மாட்டினால் அது 125 முதல் 135 வரை இறங்கும். 130 டெசிபல் என்பது யாருக்கும் தெரியாமல் சுடுகிற சத்தம் இல்லை. பண்ணையில் அடுத்த வேலிக்கு அப்பால் நிற்பவருக்கும் கேட்கும். அப்படியானால் எதற்கு வாங்க வேண்டும்? சட்டென்று வெடிக்கும் ஓசைக்கு 140 டெசிபல் உச்சம் என்பதைத்தான் அமெரிக்க ராணுவத் தரநிலையும் தொழிலிடப் பாதுகாப்பு விதியும் ஆபத்தின் எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. 160 அந்தக் கோட்டுக்கு வெகு மேலே, 130 அதற்குக் கீழே. நாற்பதைத் தாண்டிய காதுக்கு இது போதுமான காரணம். துப்பாக்கியைப் பிடித்திருக்கும் ஆளிடம் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் "கொஞ்சம் வலப்பக்கம்" என்று சொல்ல முடிவது கூடுதல் லாபம். புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் சத்தத்துக்குப் பயந்துதான் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறார்கள். சைலன்சர் மாட்டிய கார்பைனை அவர்கள் கையில் கொடுத்தால் குறி தானாகத் திருந்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தச் சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கி வெற்றிகரமாக விற்றவர் ஹைரம் பெர்சி மேக்சிம். ஆண்டு 1909. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிமின் மகன். அப்பா உலகத்துக்குச் சத்தத்தைக் கொடுத்தார், மகன் அதைக் குறைக்கப் பார்த்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மகன் அதோடு நிற்காமல் எஞ்சின்களுக்கும் ஒலி அடக்கிகள் செய்தார், 1914இல் அமெரிக்க அமெச்சூர் ரேடியோக்காரர்களின் சங்கத்தையும் தொடங்கிவைத்தார். துப்பாக்கிச் சைலன்சரும் பைக் சைலன்சரும் ஒரே யோசனையில் பிறந்தவைதான். புல்லட் வண்டியின் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் தெரு எப்படி அதிருமோ, அதுதான் குழலிலிருந்து வாயு ஒரே வீச்சில் வெளியே பாயும்போது நடப்பது. சைலன்சருக்குள் அடுக்கிவைத்த பாஃபில் தகடுகள் அந்த வாயுவை அறை அறையாகத் தடுத்து, சுழலவிட்டு, சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சி, மெதுவாக வெளியே விடுகின்றன.

ஆனால் பைக்குக்கு இல்லாத இரண்டு சத்தங்கள் துப்பாக்கிக்கு உண்டு. ஒன்று, குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் வழி நெடுக எழும் சாட்டையடிச் சத்தம். இன்னொன்று, குழலின் பின்வாயை மூடித் திறக்கும் பாகமான போல்ட் பின்னால் போய்த் திரும்பும்போது எழும் சத்தமும், அப்போது பக்கவாட்டில் தப்பிக்கும் வாயுவின் சத்தமும். குழல் முனையில் மாட்டிய சைலன்சரால் இவை இரண்டையும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆயிரம் டாலர் சைலன்சராலும் முடியாது.

சாட்டையடியை முதலில் பார்ப்போம். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1,125 அடி. கடையில் மலிவாகக் கிடைக்கும் 115 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) 9 மி.மீ. குண்டு கைத்துப்பாக்கியிலிருந்தே இந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோதான் போகும். 16 அங்குலக் குழலுள்ள கார்பைனில் இன்னும் நூறடி நூற்றைம்பதடி கூடி, சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஒலியை முந்திவிடும். 124 கிரெய்னும் பெரும்பாலும் அப்படித்தான். 147 கிரெய்ன் குண்டு கனமானது, மெதுவானது. கைத்துப்பாக்கியில் 950 முதல் 1,000 அடி வேகத்தில் போகிற அது, கார்பைனில் கொஞ்சம் கூடினாலும் பெரும்பாலும் ஒலிக்குக் கீழேயே நிற்கும். ஆகவே கார்பைனில் சைலன்சர் மாட்டிச் சுடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் 147க்கு வந்து சேர்கிறார்கள். பெட்டியில் "சப்சானிக்", அதாவது ஒலியைவிட மெதுவானது, என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்த வேகம் கைத்துப்பாக்கிக் குழலில் அளந்ததாக இருக்கலாம். வானிலையும் இதில் விளையாடும். டெக்சஸ் கோடையில் 38 டிகிரி அடிக்கும்போது ஒலியின் வேகம் 1,160 அடிக்குப் போய்விடும். உறைபனி விழும் ஜனவரிக் காலையில் 1,090க்குக் கீழே இறங்கிவிடும். ஆகஸ்டில் சமர்த்தாக இருந்த அதே பெட்டித் தோட்டா ஜனவரியில் இடையிடையே "சடீர்" என்று கத்தினால் சைலன்சர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நீளக் குழலில் ஒரு நன்மையும் இருக்கிறது, இதைக் கடையில் அதிகம் சொல்வதில்லை. 9 மி.மீ. தோட்டாவில் இருப்பது வேகமாக எரியும் வெடிமருந்து, அளவும் கொஞ்சம்தான். 16 அங்குலக் குழலின் முனைக்கு வருவதற்கு வெகு முன்பே மருந்து முழுக்க எரிந்து, வாயுவும் விரிந்து, அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கும். நான்கு அங்குலக் கைத்துப்பாக்கியில் சைலன்சருக்குக் கிடைக்கும் வேலையோடு ஒப்பிட்டால் கார்பைனில் அதற்குப் பாதி ஓய்வு. கைத்துப்பாக்கியில் சுமாராக இருக்கும் குட்டைச் சைலன்சர்கூடக் கார்பைனில் பிரமாதமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். நீளமான, அதிகத் தகடுகள் கொண்ட சைலன்சருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இங்கே பெரிதாகத் திரும்பி வருவதில்லை.

இனி போல்ட் விஷயம். 9 மி.மீ. கார்பைன்களில் பெரும்பாலானவை வெறும் புளோபேக். போல்ட்டைப் பூட்டி வைக்க எதுவும் கிடையாது. அதன் எடையும் பின்னால் உள்ள ஸ்பிரிங்கும்தான் அதைப் பிடித்து வைக்கின்றன. ஏஆர்-9 வகை, ரூகர் பிசி கார்பைன், செக் நாட்டு ஸ்கார்ப்பியன் எல்லாம் இந்தக் குடும்பம். சுட்டவுடனே போல்ட் பின்னால் நகரத் தொடங்கிவிடும். சைலன்சர் மாட்டியிருந்தால் குழலுக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும். அதற்குள் காலித் தோட்டா வெளியேறும் சன்னல் திறந்துவிட, மிச்ச வாயு அந்த வழியாக வெடித்துக்கொண்டு வரும். சன்னல் இருப்பது உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். குழல் முனை இரண்டு மூன்றடி முன்னால். முனையில் எவ்வளவு நல்ல சைலன்சர் இருந்தாலும் உங்கள் காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சில மேகசின்கள் (தோட்டா அடுக்கும் கூடுகள்) சுட்டு முடித்தால் மூக்கில் மருந்து வாடை, கண்ணாடியில் கரித்துகள், துப்பாக்கிக்குள் தார் பூசியதுபோல் அழுக்கு. எங்கள் குழுவில் இடது கைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அந்தச் சன்னல் நேரே முகத்துக்கு எதிரில் வந்துவிடும். வாங்கிய கார்பைனை விற்றுவிட்டுத்தான் அவருக்கு நிம்மதி.

சைலன்சர் நிறுவனங்களின் டெசிபல் அட்டவணையை இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ராணுவத் தரநிலையின்படி மைக்ரோஃபோனை வைப்பது குழல் முனையிலிருந்து இடப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதும் அந்த எண்ணைத்தான். சுடுகிறவரின் காதருகே அளந்த எண் பல நேரம் வேறு கதை சொல்லும். பியூ சயின்ஸ் போன்ற சுயேச்சையான சோதனைக்காரர்கள் முனை, காது இரண்டையும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள். படிக்கச் சோம்பல்பட்டால் காது எண்ணை மட்டுமாவது பாருங்கள்.

பூட்டு கொஞ்சம் தாமதித்துத் திறக்கும் துப்பாக்கிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஜெர்மானிய எம்பி5 குடும்பத்தில் உருளைகள் போல்ட்டைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்துகின்றன. சிஎம்எம்ஜி நிறுவனம் போல்ட் தலையைச் சுழலவைத்துத் தாமதப்படுத்துகிறது. சிக் எம்பிஎக்ஸ் வாயுவால் இயங்கும் பூட்டிய போல்ட். இவற்றின் விலையைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் சைலன்சருக்கு முந்நூறு டாலர் கூடக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர், அந்த முந்நூறைத் துப்பாக்கிப் பக்கம் போட்டால் காதுக்கு அதிக லாபம் என்பது என் கட்சி. ஏற்கெனவே ஏஆர்-9 வைத்திருப்பவருக்குக் போல்ட்டுக்குப் பின்னால் உட்காரும் கனமான பஃபர் என்ற எடைக்கட்டி, கொஞ்சம் முரட்டு ஸ்பிரிங் இரண்டும் போதும். போல்ட் திறப்பதைச் சற்றுத் தள்ளிப்போடும், செலவும் அதிகமில்லை. வாயுவை முன்பக்கமாகவே வழியவிடும் வகைச் சைலன்சர்கள் இப்போது வருகின்றன. முகத்தில் அடிக்கும் புகைக்கு அவை நல்ல மருந்து. முனைச் சத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், அதற்கு ஒத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

திறக்கவே திறக்காத போல்ட் என்றால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாம் உலகப்போரில் ஓர் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் வில்லியம் காட்ஃப்ரே டி லைல் என்பவர் வடிவமைத்த டி லைல் கார்பைன். லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் போல்ட் அமைப்பு, தாம்சன் துப்பாக்கியின் .45 அங்குலக் குழல், கோல்ட் 1911 கைத்துப்பாக்கியின் மேகசின் மூன்றையும் சேர்த்துக் கட்டி, குழலைச் சுற்றிப் பெருத்த சைலன்சர் ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். .45 ஏசிபி தோட்டாவின் 230 கிரெய்ன் குண்டு இயல்பாகவே ஒலியைவிட மெதுவாகப் போவது, ஆக சாட்டையடி இல்லை. சுட்டபிறகு கையால் இழுக்கும்வரை போல்ட் பூட்டியே இருக்கும், ஆக சன்னல் வெடியும் இல்லை. இன்றைக்கும் உலகின் மிக அமைதியான துப்பாக்கிகள் என்று பேச்சு வந்தால் அதன் பெயர் வராமல் போவதில்லை. மொத்தம் செய்தது என்னவோ ஏறத்தாழ 130 துப்பாக்கிகள்தான். அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் துப்பாக்கியான ஸ்டென் மார்க் 2-எஸ் 9 மி.மீ.தான், சைலன்சரும் உண்டு, ஆனால் புளோபேக். தொடர்ச்சியாகச் சுட்டால் சைலன்சர் கையைச் சுட்டுவிடும் என்பதற்காக மேலே கான்வாஸ் உறை போட்டு, ஒவ்வொன்றாகச் சுடச் சொன்னார்கள். பிற்காலத்தில் வந்த எம்பி5-எஸ்டி வேறு வழியில் போனது. குழலிலேயே 30 சிறு துளைகளைப் போட்டு வாயுவை முன்கூட்டியே கசியவிட்டு, சாதாரண வேகத் தோட்டாவைக்கூட ஒலிக்குக் கீழே இறக்கிவிடுவார்கள்.

சரி, டெசிபலை விட்டுவிட்டால் பின்னே எதைப் பார்த்து வாங்குவது? முதலில் மரை. இதில்தான் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க 9 மி.மீ. குழல்களின் பொதுவான மரை 1/2×28, அதாவது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. ஐரோப்பியத் துப்பாக்கிகள் சிலவற்றில் 13.5×1 இடது மரை. .45 என்றால் பெரும்பாலும் .578×28. இத்தோடு போனால் பரவாயில்லை. 5.56 மி.மீ. தோட்டா சுடும் ஏஆர்-15 ரைஃபிளின் மரையும் அதே 1/2×28. அதாவது 5.56க்கு வாங்கிய சைலன்சரை உங்கள் 9 மி.மீ. கார்பைனில் எந்தத் தடையும் இல்லாமல் திருகிவிட முடியும். அந்தச் சைலன்சரின் துளை கால் அங்குலத்தை ஒட்டியது. 9 மி.மீ. குண்டின் விட்டம் .355 அங்குலம். அடுத்து நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் கோல்ட் நிறுவனத்தின் 9 மி.மீ. ஏஆர் குழல்களில் 1/2×36 என்று வேறு மரை போட்டிருந்தார்கள். நல்ல யோசனை, ஆனால் சந்தை அதைப் பின்பற்றவில்லை. ஒரே பையில் இரண்டு அளவுச் சைலன்சர்களையும் எடுத்துப்போகிறவர்கள் ஒன்றில் பட்டையாக வண்ண டேப் சுற்றி வைப்பது நல்லது. நான் சுற்றி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, பூஸ்டர். 9 மி.மீ. சைலன்சர்கள் பெரும்பாலும் கைத்துப்பாக்கிக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. கைத்துப்பாக்கியில் குழல் ஒவ்வொரு முறையும் பின்னால் நகர்ந்து சாய்ந்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். முனையில் கனமான சாமானைத் தொங்கவிட்டால் அந்தச் சாய்வு நடக்காது. அதனால் சைலன்சரின் அடியில் ஒரு பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வைத்து, சைலன்சரின் எடையைக் குழலிலிருந்து ஒரு நொடி பிரித்து விடுவார்கள். கார்பைனின் குழல் அசைவதே இல்லை. அதில் பூஸ்டரோடு மாட்டினால் ஒவ்வொரு சுடுதலுக்கும் சைலன்சர் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டு, பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் தேய்த்துத் தீர்த்துவிடும். ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் போட ஒரு சின்ன உலோக வளையம் விற்கிறார்கள். அல்லது நேராகத் திருகும் அடிப்பாகம் வாங்கலாம். இப்போது பல நிறுவனங்கள் 1.375×24 என்ற பொது மரையை, ஹப் என்பார்கள், சைலன்சரின் பின்புறம் வைக்கத் தொடங்கிவிட்டன. அடிப்பாகத்தை எந்த நிறுவனத்திலிருந்தும் வாங்கி மாற்றலாம். நான் பார்த்த பட்டியலில் இது இல்லாதவற்றை முதல் சுற்றிலேயே அடித்துவிட்டேன்.

எம்பி5 வழியாகப் பிரபலமான மூன்று பல் பிடிப்பு, அதாவது அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு, வசதியில் மிஞ்ச முடியாதது. மாட்டுவதும் கழற்றுவதும் கண் இமைக்கும் நேரம். ஆனால் அதில் சின்ன ஆட்டம் இருக்கும், வாயுவும் கொஞ்சம் கசியும். போட்டியில் சுடுகிறவர், அடிக்கடி கழற்றுகிறவர் என்றால் அது சரி. எனக்கு நேர் மரையே போதும். அதைத் திருகியபிறகு குழல் வழியாக ஒரு நேர்கோட்டுத் தண்டை விட்டு, சைலன்சரின் வாய் நடுவில் வருகிறதா என்று பார்த்தபிறகே முதல் தோட்டா. மரை வெட்டியதில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் குண்டு தகட்டில் உரசிவிடும். அதன் பின் சைலன்சர் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் நெடுநாள் கடிதப் போக்குவரத்துதான்.

நீளம், எடை. 16 அங்குலக் குழலோடு ஏழெட்டு அங்குலச் சைலன்சரைச் சேர்த்தால் கார்பைன் என்ற பெயருக்கே அர்த்தமில்லாமல் போகும். முன்பக்கம் தொங்கும், காரிலிருந்து எடுக்கும்போது கதவில் இடிக்கும். ஏற்கெனவே சொன்னதுபோல் இந்தக் குழலுக்குக் குட்டையானதே போதும். சைலன்சர்கோவின் ஒமேகா 9கே 5 அங்குலத்துக்கும் குறைவு. டெட் ஏர் வுல்ஃப்மேன், ரக்கெட் அப்சிடியன் 9 போன்றவை இரண்டு துண்டுகளாக வரும்: குட்டையாகவும் மாட்டலாம், முன் துண்டைச் சேர்த்து நீளமாகவும் மாட்டலாம். .45 அளவில் ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், துளை பெரிதாக இருப்பதால் 9 மி.மீ.யில் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நாளைக்கு .45 வாங்கும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் அதுவே புத்திசாலித்தனம். டைட்டானியமா ஸ்டீலா என்ற சண்டை 9 மி.மீ. கார்பைனுக்கு அநாவசியம். இந்தத் தோட்டா கொடுக்கும் சூட்டையும் அழுத்தத்தையும் இரண்டும் சிரித்துக்கொண்டே தாங்கும். எடை குறைவு என்பதற்காக டைட்டானியம் வாங்கலாம்.

நான் இரண்டு துண்டு வகை ஒன்றை வாங்கினேன். முழு நீளத்தில் அதை மாட்டுவது கைத்துப்பாக்கியில்தான், கார்பைனில் எப்போதும் குட்டையாகவே இருக்கிறது. இதே சைலன்சர் நண்பரின் 300 பிளாக்அவுட் என்ற வேறு வகைத் தோட்டா சுடும் ரைஃபிளில் சப்சானிக் தோட்டாவோடும் ஏறுகிறது, நிறுவனத்தின் கையேடு அதற்கு அனுமதி தந்திருப்பதால். கையேட்டில் இல்லாத எதையும் முயற்சி செய்ய மாட்டேன். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு குட்டைக் குழல் வரை தாங்கும் என்று அதில் அட்டவணை இருக்கும், வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும்.

வாங்கும் முன் இதையெல்லாம் இவ்வளவு யோசிக்க வேண்டிய காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1934இன் தேசியத் துப்பாக்கிச் சட்டம் சைலன்சரை இயந்திரத் துப்பாக்கியோடு ஒரே பட்டியலில் வைத்து, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி போட்டது. அன்றைய 200 டாலர் இன்றைய மதிப்பில் 4,000 டாலருக்கு மேல். வாங்கவிடாமல் செய்வதுதான் நோக்கம். அந்த எண்ணைத் தொண்ணூறு ஆண்டுகள் யாரும் மாற்றவில்லை. விலைவாசிதான் அதைத் தேய்த்துச் சின்னதாக்கியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான வரியைப் பூஜ்யமாக்கிவிட்டது. வரி போனதே தவிர பதிவு போகவில்லை. படிவம் 4 என்ற கைமாற்ற விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியே. முன்பு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மின்னணு விண்ணப்பம் சீரானபிறகு சில நாட்களிலேயே அனுமதி வருவதும் உண்டு.

விற்பதும் அதே படிவத்தின் வழியாகத்தான். பிடிக்கவில்லை என்று தள்ளிவிட நினைத்தால் வாங்குகிறவரும் இதே வரிசையில் நின்றாக வேண்டும். செகண்ட் ஹேண்ட் சந்தை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. துப்பாக்கி வரும், போகும். சைலன்சர் உங்களோடேயே இருக்கும். இன்றைய கார்பைனுக்குக் கச்சிதமாகப் பொருந்துவதைவிட, இன்னும் பத்து வருடத்தில் நீங்கள் வாங்கக்கூடிய துப்பாக்கிகளுக்கும் சேர்த்துப் பொருந்துவதை எடுப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

சொந்தப் பெயரிலும் வாங்கலாம், டிரஸ்ட் ஒன்று எழுதி அதன் பெயரிலும் வாங்கலாம். சொந்தப் பெயரில் வாங்கினால், நீங்கள் ஊரில் இல்லாதபோது பெட்டகத்தின் சாவி மனைவி கையில் இருப்பதே சட்டச் சிக்கல் ஆகலாம். டிரஸ்டில் அவரையும் சேர்த்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும்போது சேர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும். என் மனைவி கைரேகை மையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

எச்-1பியில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அந்தச் சட்டத்தின் கணக்கில் சைலன்சரும் துப்பாக்கியே. கிரீன் கார்டு கிடைத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசா நிலையில் கை வைக்கக்கூடிய விஷயம் என்பதால், கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்பாமல் வக்கீலுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

குழலை 16 அங்குலத்துக்குக் கீழே வெட்டி, மொத்த நீளத்தைக் குறைக்கலாமே என்று ஒரு யோசனை வரும். அது தனிப் பதிவு; அனுமதி வந்தபிறகுதான் குழலைத் தொட வேண்டும். அந்த வகைக்கும் வரி இப்போது பூஜ்யம் என்பதால் பலர் அந்தப் பக்கம் போகிறார்கள். ஆனால் அப்படிப் பதிவான குட்டைக் குழல் துப்பாக்கியை மாநில எல்லை தாண்டி எடுத்துப்போக துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். சைலன்சருக்கு அந்த நடைமுறை இல்லை, போகிற மாநிலம் அதை அனுமதித்தால் போதும்.

சுத்தம் செய்வது பெரிய வேலை இல்லை. செம்பு உறையிட்ட குண்டு சுட்டால் உள்ளே சேர்வது பெரும்பாலும் கரிதான். உறையில்லாத ஈயக் குண்டுதான் வில்லன். தகடுகளில் ஈயம் படிந்து எடை கூடிக்கொண்டே போகும். ஈயக் குண்டை விரும்பிச் சுடுகிறவர்கள், பிரித்துக் கழுவக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது. படிந்த ஈயத்தை வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் ஊறவைத்து எடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பளிச்சென்று சுத்தமாகும். ஆனால் மிஞ்சுவது ஈய அசிட்டேட் கரைசல்; தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும் விஷம், சிங்க்கில் ஊற்றவும் முடியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு காதுக்கவசம் தேவையா என்று கேட்கிறார்கள். கூரைக்குக் கீழே சுட்டால் கட்டாயம் தேவை, சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். வெளியில் 147 கிரெய்னோடு எம்பி5 வகையில் சுடுகிற சிலர் போட்டுக்கொள்வதில்லை. என்னுடையது புளோபேக், சன்னல் காதருகில். நான் போட்டுக்கொண்டுதான் சுடுகிறேன்.